249 கிராமும் 12 கிலோமீட்டரும்: தாம்பரத்தில் கேமரா ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாடம்

"அண்ணா, 250 கிராமுக்குக் கீழ இருந்தா பெர்மிஷன் எதுவும் வேணாம்ல?"

ட்ரோன் வாங்க நினைக்கிற ஜூனியர்ஸ் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். இதற்கு "ஆமா" என்றும் சொல்ல முடியாது, "இல்ல" என்றும் சொல்ல முடியாது. ட்ரோனின் எடை ஒரு கேள்வி. அது பறக்கிற இடம் வேறு கேள்வி. யூடியூப் வீடியோக்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு முடிந்துவிடும். ஆனா நாம இருக்கிற ஏரியாவுல இரண்டாவது கேள்விதான் பெருசு. ஒரு பக்கம் மீனம்பாக்கம் ஏர்போர்ட், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படை நிலையம். நடுவுல நாம.

இந்தக் கட்டுரையில் ஆறு பாடங்கள். முதல் மூன்று ட்ரோனை வைத்திருப்பது பற்றி, அடுத்த மூன்று அதைச் சரியாக டெஸ்ட் பண்ணுவது பற்றி. கணக்குகளுக்கு உதாரணமாக டிஜேஐ மினி 2 மாடலை எடுத்திருக்கிறேன். 249 கிராம் எடை, 2250 எம்ஏஹெச் பேட்டரி, 12 மெகாபிக்சல் கேமரா. உங்களிடம் வேறு மாடல் இருந்தால் எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்க, ஃபார்முலா அதேதான்.

பாடம் 1: எடை எதைத் தீர்மானிக்கிறது?

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள். அதில் ட்ரோன்கள் எடை வாரியாக ஐந்து வகை.

நானோ: 250 கிராம் வரை.
மைக்ரோ: 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை.
ஸ்மால்: 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை.
மீடியம்: 25 கிலோவுக்கு மேல் 150 கிலோ வரை.
லார்ஜ்: 150 கிலோவுக்கு மேல்.

இங்கே கவனிக்க வேண்டியது, எடை என்றால் பெட்டியில் அச்சடித்திருக்கிற எடை இல்லை. பறக்கும்போது ட்ரோன் சுமக்கிற எல்லாவற்றையும் சேர்த்த மொத்த எடை. 249 கிராம் ட்ரோனில் ப்ரொப்பெல்லர் கார்டு மாட்டினால் அது மைக்ரோ. ஸ்ட்ரோப் லைட் ஒட்டினாலும் மைக்ரோ. மினி 3 மாடலுக்குப் பெரிய பேட்டரி தனியாக விற்கிறார்கள். அதைப் போட்டால் 38 நிமிடம் 51 நிமிடமாக ஏறும், எடையும் 250 கிராமைத் தாண்டிவிடும். பேட்டரியை மாற்றினதுமே சட்டப்படி வண்டியும் மாறிவிடுகிறது.

நானோவாக இருப்பதால் கிடைக்கிற சலுகைகள் என்ன?

ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். (மைக்ரோ ட்ரோனுக்கும், வணிக நோக்கம் இல்லாவிட்டால் இது வேண்டாம்.)
டைப் சர்டிஃபிகேட் வேண்டாம்.
தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை.

கிடைக்காத சலுகைகளையும் பார்த்துடுவோம். ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண், அதாவது யூஐஎன் வாங்குவது நானோவுக்கும் பொருந்தும். விதிகளில் அதற்குப் போட்ட கட்டணம் 100 ரூபாய். அதைவிட முக்கியம், எங்கே பறக்கலாம் என்கிற விதி எல்லா எடைக்கும் ஒன்றுதான். ரெட் ஸோனில் 249 கிராமும் ரெட் ஸோன்தான், 20 கிலோவும் ரெட் ஸோன்தான். விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

ஆக ஜூனியர் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. 250 கிராமுக்குக் கீழ இருந்தா லைசென்ஸ் வேணாம். இடத்துக்குப் பெர்மிஷன் வேணுமா இல்லையான்னு எடை சொல்லாது.

பாடம் 2: மேப்பில் நாம் எங்கே இருக்கிறோம்?

அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் நாடு முழுவதற்கும் ஒரு வான்வெளி மேப் இருக்கிறது. மூன்று நிறம்.

பச்சை: தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம்.
மஞ்சள்: ஏர் ட்ராஃபிக் கன்ட்ரோலின் அனுமதி வேண்டும்.
சிவப்பு: மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது.

ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் விமான நிலையத்தின் சுற்று எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் பச்சை என்பது 200 அடி, அதாவது 60 மீட்டர் மட்டும்தான். அதற்கு மேல் மஞ்சள். 8 கிலோமீட்டருக்கு உள்ளே வந்துவிட்டால் தரையிலிருந்தே கட்டுப்பாடு தொடங்கிவிடும். தூரத்தை ரன்வேயின் நடுவிலிருந்து அளக்கக் கூடாது, காம்பவுண்டு சுவரிலிருந்து அளக்க வேண்டும்.

இப்போ போனில் மேப்பைத் திறங்க. மீனம்பாக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம், தாம்பரம் விமானப்படை நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்க. பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று நாம தினமும் ட்ரெயினிலும் பஸ்ஸிலும் கடக்கிற ஊர்கள் எல்லாம் ஏதாவது ஒரு வட்டத்துக்குள், சில ஊர்கள் இரண்டுக்குள்ளும் விழும். செங்கல்பட்டு லைனில் போனால் மறைமலை நகர் பக்கம் வரும்போதுதான் இரண்டு வட்டத்தையும் முழுசா தாண்டுவோம். அங்கேயும் மேப்பைப் பார்க்காமல் பறக்க விடக் கூடாது. பாதுகாப்பு நிறுவனங்கள், கல்பாக்கம் மாதிரி இடங்கள் தனியாகச் சிவப்பில் இருக்கும்.

மேப் நேற்று பச்சையாக இருந்தது என்பதும் போதாது. மாநில அரசோ காவல்துறையோ ஒரு இடத்தைத் தற்காலிக ரெட் ஸோனாக ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை அறிவிக்க முடியும். ஊருக்கு வி.ஐ.பி வருகிற வாரத்தில் இது நடக்கும். அதனால் பறக்கிற அன்றைக்கே மேப்பைப் பார்க்க வேண்டும், விதியிலும் அப்படித்தான் இருக்கிறது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். "நாம காலேஜ், ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கு" என்று ஒரு பேச்சு எல்லா டிபார்ட்மென்ட்டிலும் ஓடுகிறது. விலக்கு இருப்பது உண்மை. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சி, மேம்பாட்டு வேலைக்காகப் பறக்கவிடும் ட்ரோனுக்கு டைப் சர்டிஃபிகேட், யூஐஎன், முன் அனுமதி, பைலட் சான்றிதழ் எதுவும் வேண்டாம் என்று 2021 விதிகள் சொல்கின்றன. ஆனால் அதே விதியின் அடுத்த வரியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தப் பறத்தல் பச்சை மண்டலத்துக்குள், நிறுவனத்தின் சொந்த வளாகத்திலோ அதன் கட்டுப்பாட்டில் உள்ள திறந்த வெளியிலோ நடக்க வேண்டும்.

யோசிச்சுப் பாருங்க. குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ இருக்கும் காலேஜின் கிரவுண்டு பச்சை இல்லை. அப்போ அந்த விலக்கு அந்தக் கிரவுண்டுக்குச் செல்லாது. கைடு கையெழுத்துப் போட்டிருக்கலாம், ஹெச்.ஓ.டி சரின்னு சொல்லியிருக்கலாம். வான்வெளி அவங்க கையில் இல்லை. ஜீரோத் ரிவ்யூவிலேயே "ஃப்ளைட் டெஸ்ட் எங்கே?" என்று கேட்டு, இடத்தை முடிவு பண்ணிவிட்டுத்தான் ப்ராஜெக்ட் டைட்டிலையே முடிவு பண்ண வேண்டும். மார்ச் மாதம் ட்ரோன் ரெடியாகி, பறக்கவிட இடம் இல்லாமல் நிற்பதுதான் இந்த ஏரியாவில் ட்ரோன் ப்ராஜெக்டுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து.

இவ்வளவு கெடுபிடி எதற்கு?

தாம்பரம் நிலையத்தில் இருப்பது விமானப்படையின் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல். 1948ல் அம்பாலாவில் தொடங்கி, 1954ல் தாம்பரத்துக்கு வந்தது. பைலட்டுகளுக்குப் பாடம் எடுக்கப் போகிற பைலட்டுகளை உருவாக்குகிற இடம். பயிற்சி விமானங்கள் தாழ்வாகப் பறந்து, திரும்பத் திரும்ப இறங்கி ஏறும். அப்படி ஒரு விமானம் விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 249 கிராம் ட்ரோன் அதன் முன்னால் சும்மா நிற்கிறது. மோதலின் இயக்க ஆற்றல் அரை × 0.249 × 70 × 70, சுமார் 610 ஜூல். 156 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 140 கிலோமீட்டரில் போட்டால் சுமார் 118 ஜூல். ஐந்து மடங்கு. அதுவும் தோல் பந்து இல்லை, மோட்டாரும் லித்தியம் பேட்டரியும்.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட்ட ஒரு சின்ன ட்ரோன் மோதி, கிட்டத்தட்ட 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை விழுந்தது. தீ எரிந்துகொண்டிருக்கும்போதே விமானம் தரையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. 2018 டிசம்பரில் லண்டன் காட்விக் ஏர்போர்ட் பக்கம் ட்ரோன் தெரிந்ததாக வந்த தகவல்களால் சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன. நம்ம நாட்டில் 2021 ஜூன் 27ல் ஜம்மு விமானப்படை நிலையத்தின் மேல் ட்ரோன் மூலம் குண்டு போடப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு விமானப்படை நிலையத்தின் பக்கத்தில் ட்ரோன் பறந்தால், காவலுக்கு நிற்பவருக்கு அது காலேஜ் பையனுடையதா வேறு யாருடையதா என்று தெரியாது. அவர் அதை ஆபத்தாகத்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும்.

பாடம் 3: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. முழுசாகச் சேர்த்ததும் கூடாது, பாதி பிரித்ததும் கூடாது, முழுசாகப் பிரித்த கிட்டாகவும் கூடாது. ஆராய்ச்சி, பாதுகாப்பு, ராணுவத் தேவைகளுக்கு மட்டும் அனுமதி பெற்றுக் கொண்டுவரலாம். உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை.

இதனால் நமக்கு வருகிற விளைவுகள்:

ஒன்று, புத்தம் புது ட்ரோன், பில் இல்லாமல், விலை குறைவாகக் கிடைத்தால் அது எப்படி நாட்டுக்குள் வந்தது என்று கேளுங்க. பதில் இல்லாவிட்டால் வாங்காதீங்க. உங்க பெயரில் பதிவு பண்ணவும் முடியாது, ரிப்பேருக்கு வாரண்டியும் இருக்காது.

இரண்டு, செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் பழைய பில், யூஐஎன் இரண்டையும் கேளுங்க. பைக் வாங்கினால் ஆர்.சி மாற்றுகிற மாதிரி ட்ரோனுக்கும் உரிமை மாற்றம் பதிவாக வேண்டும். பழைய ஓனரின் அக்கவுண்டிலிருந்து ட்ரோன் கழற்றப்பட்டிருக்கிறதா என்று ஆப்பில் உங்க ஐடி போட்டு ஆக்டிவேட் செய்தே பார்த்துவிடுங்க.

மூன்று, பாகம் வாங்கி நாமே அசெம்பிள் செய்வது. 450 மில்லிமீட்டர் ஃப்ரேம் எடுத்தாலே எடை ஒரு கிலோ பக்கம் வந்துவிடும், அதனால் மைக்ரோ. படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காகக் கண் பார்வைக்குள் பறக்கவிடும் மாடல் வகைக்கு டைப் சர்டிஃபிகேட் கேட்பதில்லை. மண்டல விதி மட்டும் அப்படியே தொடரும்.

பாடம் 4: வீட்டிலேயே செய்யும் டெஸ்ட்

ட்ரோனை ஒரு சென்டிமீட்டர்கூடத் தூக்காமல் தாம்பரத்திலேயே செய்யக்கூடிய டெஸ்டுகள் நிறைய இருக்கின்றன. இவற்றை முடித்துவிட்டுத்தான் ட்ரெயின் ஏற வேண்டும்.

எடை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பேட்டரி, மெமரி கார்டு, ப்ரொப்பெல்லர், ஃபில்டர் எல்லாம் மாட்டின நிலையில் வைங்க. 250 தாண்டினால் நீங்க மைக்ரோ ஓனர்.

பேட்டரி. ஆப்பில் சார்ஜ் சைக்கிள் எத்தனை, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜ் எவ்வளவு என்று தெரியும். இரண்டு செல்லும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக இறங்கினால் அந்தப் பேட்டரியை நம்பாதீங்க. உப்பியிருந்தால் சார்ஜே போடக் கூடாது. பல நாள் எடுக்கப்போவதில்லை என்றால் 40 முதல் 60 சதவீதத்தில் வைத்துவிடுங்க. இந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட இயங்கும் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் வரைதான். கத்திரி வெயிலில் நிறுத்தின பைக்கின் பெட்டிக்குள் அது எவ்வளவு சீக்கிரம் தாண்டும் என்று நமக்கே தெரியும்.

ப்ரொப்பெல்லர். நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்க. சின்னக் கீறல் தட்டுப்பட்டாலும் மாற்றுங்க. ஒரு ப்ரொப்பெல்லரின் சமநிலை போனால் வீடியோவில் ஜெல்லி மாதிரி ஆட்டம் வரும்.

மெமரி கார்டு. மினி 2வின் வீடியோ அதிகபட்சம் விநாடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். 10 நிமிடத்துக்கு 7.5 ஜிகாபைட். விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதுகிற வி30 கார்டு தாராளமாகப் போதும். காசு மிச்சம்.

காம்பஸ். ட்ரோனைக் கையில் வைத்துக்கொண்டு ரூமிலிருந்து மொட்டை மாடிக்குப் போங்க, அப்புறம் தெருவுக்குப் போங்க. ஆப்பில் காம்பஸ் இன்டர்ஃபெரன்ஸ் அளவு எப்படி மாறுகிறது என்று பாருங்க. பூமியின் காந்தப்புலம் நம்ம ஊரில் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். கான்க்ரீட்டுக்குள் இருக்கிற கம்பி இதைச் சுலபமாகக் குழப்பிவிடும். மொட்டை மாடியிலிருந்து ட்ரோன் ஏற்றக் கூடாது என்பதற்கு மண்டல விதியைத் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காரணமும் இருக்கிறது. தரையில் திசை தப்பாகப் படித்த ட்ரோன், மேலே போனதும் திடீரென்று வட்டம் போட ஆரம்பிக்கும்.

பாடம் 5: பறக்கவிட்டுச் செய்யும் டெஸ்ட்

இதற்குப் பச்சை மண்டலம் கட்டாயம். காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை நல்ல நேரம். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வர ஆரம்பித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வானம் தெளிவாக இருக்கிற நாள் பார்த்துப் போங்க, இந்த ட்ரோன் நனையக் கூடாது. கூட ஒருத்தர் வேணும். நீங்க ஸ்க்ரீனைப் பார்க்கும்போது அவர் வானத்தைப் பார்ப்பார். பருந்து வட்டம் போட்டால் உடனே இறக்கிவிடுங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். அது மாதிரி பறவைகள் கூடுகிற நீர்நிலைகளின் பக்கமே வேண்டாம்.

டெஸ்ட் அ: நின்ற இடத்தில் நிற்கிறதா? தரையில் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, அதற்கு நேர் மேலே 5 மீட்டரில் நிறுத்துங்க. கேமராவை நேர் கீழே பார்க்க வைத்து 3 நிமிடம் ரெக்கார்ட் பண்ணுங்க. ஜிபிஎஸ் மட்டும் என்றால் பக்கவாட்டில் 1.5 மீட்டர் வரை நகரலாம், அடியில் உள்ள விஷன் சென்சாரும் வேலை செய்தால் 0.3 மீட்டர் என்பது கம்பெனி தருகிற அளவு. வீடியோவில் குறி எவ்வளவு நகர்ந்தது என்று நீங்களே அளந்துகொள்ளலாம்.

டெஸ்ட் ஆ: பேட்டரி உண்மையில் எவ்வளவு நேரம்? விளம்பரத்தில் 31 நிமிடம். அது காற்றே இல்லாத நிலையில் விநாடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் பறந்து எடுத்த கணக்கு. பேட்டரியின் மொத்த ஆற்றல் சுமார் 17.3 வாட்-ஹவர். 31 நிமிடத்தில் தீர்ந்தால் சராசரி 33.5 வாட்.

இதை நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வைத்துச் சரிபார்க்கலாம். எடை 2.44 நியூட்டன். 4.7 அங்குல விட்டம் கொண்ட நான்கு ப்ரொப்பெல்லர்களின் வட்டப் பரப்பு மொத்தம் சுமார் 0.045 சதுர மீட்டர். அந்தரத்தில் நிற்கத் தேவையான குறைந்தபட்ச பவர், விசையின் 1.5 மடியை (2 × காற்றின் அடர்த்தி × பரப்பு) என்பதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும். அடர்த்தி 1.2 என்று போட்டால் 11.6 வாட். உண்மையில் செலவாவது 33.5. மீதி எல்லாம் ப்ரொப்பெல்லர் இழப்பு, மோட்டார் சூடு, கேமரா, ரேடியோ, ப்ராசஸர் என்று போய்விடுகிறது. மூன்றில் ஒரு பங்குதான் நேரடியாகத் தூக்குவதற்குப் பயன்படுகிறது என்று தெரிந்தால், சின்ன ட்ரோனால் ஏன் ஒரு மணி நேரம் பறக்க முடியவில்லை என்பது புரிந்துவிடும்.

"சென்னை வெயில்ல காற்று லேசாகிடுமே?" 15 டிகிரியில் அடர்த்தி 1.225, 35 டிகிரியில் சுமார் 1.146. பவர் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதம். அதனால் கூடுதல் செலவு 3.5 சதவீதம்கூட இல்லை. வெயில் பேட்டரியின் ஆயுளைத்தான் சாப்பிடும், பறக்கும் நேரத்தை அவ்வளவாகக் குறைக்காது.

டெஸ்ட் செய்வது எப்படி? 3 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, 100 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதுங்க. முழுசாகத் தீர்க்க வேண்டாம். இதே டெஸ்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் பேட்டரி எவ்வளவு வயசாகியிருக்கிறது என்பது உங்க எண்களிலேயே தெரியும்.

டெஸ்ட் இ: காற்று. ட்ரோனின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், காற்று 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்று போகிற திசையில் 300 மீட்டர் போக, 16ல் வகுத்தால் 19 விநாடி. திரும்பி வர, 4ல் வகுத்தால் 75 விநாடி. போகும்போது "சூப்பரா போகுதே" என்று தோன்றும். திரும்பும்போதுதான் வயிறு கலங்கும். அதனால் எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போங்க, திரும்பி வரும்போது காற்று தள்ளிக்கொண்டு வரட்டும்.

டெஸ்ட் ஈ: ரிட்டர்ன் டு ஹோம். இந்த மாடலுக்குக் கீழ்ப்பக்கம் மட்டும்தான் சென்சார். முன்னால், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. திரும்பும் உயரத்தைச் சுற்றியுள்ள தென்னை மரம், செல் டவர், மின்கம்பி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்க. அதே சமயம் 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்தில் இருந்தால் 60 மீட்டரைத் தாண்டவும் கூடாது. இரண்டு எல்லைக்கும் நடுவில் இடம் இல்லாவிட்டால் அந்த இடம் டெஸ்டுக்கு ஏற்றது இல்லை. போதுமான சாட்டிலைட் கிடைத்து, ஹோம் பாயிண்ட் பதிவானதாக ஆப் சொன்ன பிறகு ஏற்றுங்க. 30 மீட்டர் தள்ளிப் போய் பட்டனை அழுத்தி, எவ்வளவு துல்லியமாக வந்து இறங்குகிறது என்று டேப்பால் அளந்து எழுதுங்க.

சிக்னல் 6 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று விளம்பரம் சொல்லும். ட்ரோன் எப்போதும் உங்க கண்ணுக்குத் தெரிய வேண்டும். 249 கிராம் ட்ரோன் சில நூறு மீட்டரிலேயே புள்ளியாகிவிடும். அதனால் ரேஞ்ச் டெஸ்டே வேண்டாம். நம்ம ரேஞ்ச் கண்தான்.

பாடம் 6: கேமராவை டெஸ்ட் பண்ணுவது

முதலில் வீடியோ. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் விநாடிக்கு 25 ஃப்ரேம் வைத்தால் தெருவிளக்கு மினுமினுப்பு குறையும். இயல்பான அசைவுக்கு ஷட்டர் 1/50. ஆனால் இந்தக் கேமராவின் அபர்ச்சர் எஃப் 2.8ல் நிலையானது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100க்கு எஃப் 16, ஷட்டர் 1/100 என்பது பழைய கைக்கணக்கு. எஃப் 16லிருந்து 2.8க்கு ஐந்து ஸ்டாப். அப்போ ஷட்டர் 1/3200 ஆகிவிடும். 1/3200லிருந்து 1/50க்கு வர வெளிச்சத்தை 64ல் ஒரு பங்காக்க வேண்டும், அதாவது என்டி 64 ஃபில்டர். மேகமூட்டம் என்றால் என்டி 16 போதும். ஃபில்டர் மாட்டிய பிறகு தராசை மறக்க வேண்டாம்.

அடுத்தது ஸ்டில் படம். சிவில் நண்பர்களுக்கு இதுதான் முக்கியம். மினி 2வின் பார்வைக் கோணம் மூலைவிட்டத்தில் 83 டிகிரி, படம் 4000 × 3000 பிக்சல். 60 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே எடுத்தால் தரையில் சுமார் 85 × 64 மீட்டர் அடங்கும். 85ஐ 4000 ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 2.1 சென்டிமீட்டர். ஏரிக்கரையில் எங்கே மண் சரிந்திருக்கிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க இது தாராளம். கான்க்ரீட் மதகில் 5 மில்லிமீட்டர் விரிசல் தெரியுமா? தெரியாது. ப்ராஜெக்ட் அப்ஸ்ட்ராக்டில் "விரிசல் கண்டுபிடிப்போம்" என்று எழுதுவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்க.

மேப்பிங் என்றால் படங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும். முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் என்று வைத்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 12.7 மீட்டர், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 25.5 மீட்டர். 400 × 250 மீட்டர் இடத்துக்கு, அதாவது 10 ஹெக்டேருக்கு, 11 வரிசை, 4.4 கிலோமீட்டர். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சுமார் 15 நிமிடம். 2 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் 440 படங்கள். திரும்புகிற நேரம், திரும்பிவரத் தேவையான மிச்சம் எல்லாம் சேர்த்து ஒரு பேட்டரியில் முடித்துவிடலாம். இரண்டாவது பேட்டரி கையில் இருந்தால் நிம்மதி.

கடைசியாக ஒரு கேமரா விதி. அடுத்த வீட்டு மாடியும் படத்தில் விழும். ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதி இல்லாமல் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் வருகிறது, மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. மாடியில் துணி காயப்போடுகிற அக்காவுக்கு நீங்க சூரிய உதயம்தான் எடுக்கிறீங்க என்று தெரியாது. கீழே இறங்கிப் போய் சொல்லிட்டு வாங்க.

ஒரு லாக் புக் போடுங்க

40 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, இடம், அன்றைய மேப்பின் ஸ்க்ரீன்ஷாட், மொத்த எடை, பேட்டரி எண், காற்று, பறந்த நிமிடம், நடந்த கோளாறு. ரிவ்யூவில் இந்த நோட்டை மேசை மேல் வைத்தால் எக்ஸ்டர்னல் கேட்கிற பாதி கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

ட்ரோனுக்கு இந்த ஏரியா ராசியில்லை என்று நினைக்க வேண்டாம். குரோம்பேட்டை எம்.ஐ.டியில் உருவான தக்ஷா அணி, 2018ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. ஏர்போர்ட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கேம்பஸ்தான் அது. டிசைன், சிமுலேஷன், அசெம்ப்ளி, பெஞ்ச் டெஸ்ட் எதற்கும் நிறம் கிடையாது. நம்ம ஹாஸ்டல் ரூமிலேயே பண்ணலாம். பறக்கவிடுவதற்கு மட்டும் ஒரு செங்கல்பட்டு லோக்கல் டிக்கெட்டும், காலை 5 மணி அலாரமும் வேண்டும்.

அடுத்த முறை யாராவது "250க்குக் கீழதானே, பெர்மிஷன் எதுக்கு?" என்று கேட்டால், தராசை ஒரு கையிலும் மேப்பை ஒரு கையிலும் கொடுங்க. எந்த ட்ரோன், எங்கே, எத்தனை மீட்டர் உயரம் என்று மூன்றும் தெரிந்த பிறகு பதிலை அவங்களே சொல்லிடுவாங்க.